மூன்று விரல் உயரம்

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சைக்கிள்தான். இதைக் கேட்கிற எல்லோரும் சிரிக்கிறார்கள். காணியைப் பங்கு போடலாம், கடையைப் பங்கு போடலாம், சைக்கிளை எப்படிப் பங்கு போடுவது? கண்டி நகரில் நான் வேலை செய்யும் பாமசிக்கு மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்க வரும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், "முன் சில்லு யாருக்கு, பின் சில்லு யாருக்கு?" என்று கேட்காமல் போனதே இல்லை. நான் பதில் சொல்வதில்லை. பிரஷர்காரரோடு வாக்குவாதம் செய்யக்கூடாது.

மற்றப் பங்காளி கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்பேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் மலையகத்து ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் "மருந்துக்காரன்" என்பார். பல வருடங்களுக்கு முன் ஒரு காலையில் பேராதனைப் பாலத்துக்குப் பக்கத்தில் என் டயர் காற்றுப் போய்விட்டது. நான் மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள். சைக்கிளை ஓர் உதை விட்டேன். பின்னால் வந்து நின்ற ஒரு நெட்டை மனிதர், "ஒதைச்சா காத்து வருமா தம்பி?" என்று கேட்டார். அவரையும் திட்டினேன். திட்டை வாங்கிக்கொண்டே டியூபுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தனித்தனியாகப் போனதில்லை.

எங்களைப் பிடித்த பைத்தியத்துக்குப் பெயர் டைம் ட்ரயல். கூட்டமாக ஓடும் பந்தயம் அல்ல இது. ஒருவர் பின் ஒருவராக, ஒரு நிமிட இடைவெளியில் விடுவார்கள். தனியாகப் போய், தனியாகத் திரும்பி வர வேண்டும். எதிரி கடிகாரம் மட்டும்தான். தெல்தெனியவுக்கு வெளியே, விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் பாதையில் எங்களைப் போன்ற இருபது முப்பது நடுத்தர வயதுக்காரர்கள் மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்கிறோம். பாதையின் ஒரு முனையில் தகரப் பீப்பாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். பரிசு கிடையாது. முதலாவது வருபவருக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே இஞ்சித் தேநீர்தான்.

பரிசு இல்லாத இடத்தில்தான் மனிதன் மானத்துக்காகச் சாவான். ஒரு நொடியைக் குறைக்க நாங்கள் செய்யாத கோமாளித்தனம் இல்லை. காற்று ரோமத்தில் தடைப்படும் என்று படித்துவிட்டு, நான் பாமசி ரேஸரால் இரண்டு காலையும் வழித்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் சித்தி என் முழங்காலைப் பார்த்துவிட்டு, என்ன தோல் வருத்தம் என்று மனைவியிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். "தோல் வருத்தம் இல்ல சின்னம்மா, மண்டையிலதான்" என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். நானா காலை வழிக்கவில்லை. அவருக்கு வேறு பிரச்சினை. சைக்கிள்காரர்களின் உடம்போடு ஒட்டும் காற்சட்டை தொடையோடு நின்றுவிடும். முழங்கால் தெரிய ரோட்டில் போக அவர் மனம் இடம் கொடுக்காது. கெலிஓயாவில் ஒரு தையற்காரரிடம் நீச்சல் உடைத் துணியைக் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறங்கும்படி ஒன்று தைப்பித்துக்கொண்டார். கறுப்பு நிறம், ஓரத்தில் பச்சைக் கோடு. அது என் காற்சட்டையைவிட வடிவாக அமைந்துவிட்டது. எனக்கு அதில் பொறாமை உண்டு, இன்றைக்கும்.

ஹெல்மட், சப்பாத்து, சப்பாத்துக்கு மேலே போடும் உறை, கையுறை என்று ஒவ்வொன்றையும் வாங்கும்போது இது எத்தனை நொடி மிச்சம் பிடிக்கும் என்று விற்பவர்கள் எழுதியிருப்பதைப் படிப்போம். ஒருநாள் நானா கடைக் கல்குலேட்டரை எடுத்து அத்தனையையும் கூட்டிப் பார்த்தார். "தம்பி, இந்தக் கணக்குப்படி நான் வெளிக்கிடுறதுக்கு முந்தியே வந்து சேந்திருக்கோணும்" என்றார்.

அப்படிப்பட்ட இருவர் சேர்ந்து சைக்கிள் வாங்கப் போனால் என்ன நடக்கும்?

கலகெதரப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில், ஜப்பானில் இருந்து கொள்கலனில் வரும் பழைய சைக்கிள்களைக் குவித்து வைத்து விற்கிறார்கள். பள்ளிக்கூடச் சைக்கிள், கூடை வைத்த சைக்கிள், மடிக்கிற சைக்கிள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். அன்று அந்தக் குவியலின் அடியில் இருந்து நானா ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. கறுப்புக் காபன். குழாய்கள் உருண்டையாக இல்லாமல் கத்தி போல் தட்டையாக இருந்தன. முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொள்ள முன்னால் இரண்டு கொம்புகள். டைம் ட்ரயலுக்கென்றே பிறந்த சைக்கிள். புதிதாக வாங்குவதென்றால் நான் பாமசியையே விற்க வேண்டும், அதுவோ என்னுடையது அல்ல. நாங்கள் இருவரும் அதைத் தடவிக்கொண்டே இருந்தோம். தனியாக வாங்க இருவருக்கும் வசதி இல்லை. பாதிப் பாதி போடுவோம் என்று யார் முதலில் சொன்னது என்பதில் எங்களுக்குள் இன்றும் தகராறு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கண் திறந்தது. மற்ற எந்தச் சைக்கிளிலும் சீற்றைத் தாங்கும் கம்பியை ஏற்றலாம், இறக்கலாம். இதில் அப்படி ஒரு கம்பியே இல்லை. சைக்கிளின் உடம்புக் குழாயே சீற்று வரைக்கும் நீண்டு வளர்ந்திருக்கிறது. ஓடப்போகிறவனின் கால் நீளத்தை அளந்து, அந்தக் குழாயைப் பல் வைத்த வாளால் அறுத்து, மேலே ஒரு மூடியைப் போட்டுச் சீற்றைப் பூட்டுவார்கள். அறுத்தது அறுத்ததுதான், திரும்ப வளராது. மூடிக்குக் கீழே வளையங்கள் போட்டு ஒரு விரல் அளவுக்கு உயர்த்தலாம், அவ்வளவுதான். அதாவது, உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்கென்று செய்யப்படும் சைக்கிளைத் தேடிப் பிடித்து, இரண்டு பேர் பங்கு போட்டு வாங்கியிருந்தோம். குழாய் தட்டை என்று பார்த்தோமே தவிர, சீற்று எப்படி இறங்கும் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அதை முதலில் வைத்திருந்தவர் நெட்டையர் போலும். வளையங்களைப் போட்டதும் சீற்று நானாவுக்குத் தைத்து வைத்த மாதிரி பொருந்தியது. எனக்குத் தேவை அதைவிட மூன்று விரல் கீழே. வளையங்களைக் கழற்றினால் ஒரு விரல் இறங்கும். மிச்ச இரண்டு விரலுக்கு நான் பெருவிரல் நுனியால் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.

"பின்னால நிண்டு பாத்தா தாரா போற மாதிரி ஈக்கு" என்பார் நானா. தாரா என்பது வாத்து.

"குழாய வெட்டுனா நானும் மனுசன் மாதிரி போவேன்."

"நீ கட்டையாப் பொறந்ததுக்குச் சைக்கிள் என்ன செய்யும்? ஆடத் தெரியாதவ மேடை கோணல் எண்டாளாம்."

வெட்டினால் அவர் ஓட முடியாது. வெட்டாவிட்டால் நான் ஒழுங்காக ஓட முடியாது. மூன்று வருடம் இப்படியே ஓடினோம். பட்டியலில் அவர் பெயரை முதலில் போடச் சொல்வோம், என் பெயரைக் கடைசியில். அவர் வந்து இறங்கியதும் வளையத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, நான் ஏறுவேன். புறப்படும் இடத்தில் ஓடுகிறவரின் இரண்டு காலும் பெடலில் பூட்டியிருக்கும். விழாமல் பின்னால் ஒருவர் சீற்றைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் ஓடும்போது நான் பிடிப்பேன், நான் ஓடும்போது அவர் பிடிப்பார். நேரம் பார்ப்பவர் முன்பு பஸ் ஓட்டிய ஒரு சிங்களப் பெரியவர். கையில் கடிகாரத்தோடு, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில், சிங்களத்தில் ஐந்திலிருந்து ஒன்று வரை இறங்கி எண்ணிப் போகச் சொல்வார்: "பஹய், ஹத்தரய், துனய், தெகய், எகய், யன்ன!" அந்த ஐந்து எண்ணுக்குள் நானா என் முதுகுக்குப் பின்னால் ஏதாவது குசுகுசுப்பார். "நாய் வரும், பயப்படாம மிதி." "ஊட்டில அடுப்பு நிப்பாட்டிட்டு வந்தியா?" சிரித்துக்கொண்டே புறப்பட்டால் முதல் நூறு மீற்றர் வீண். அதற்காகவே சொல்வார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவரை முந்தியதில்லை. சில நேரம் பதினைந்து நொடி, சில நேரம் அரை நிமிடம். அந்த இரண்டு விரல்தான் காரணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன வருடம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நானா பாமசிக்கு வந்தார். கண்ணாடி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாய்வு தம்பி. ராவு கொத்து ரொட்டி சாப்பிட்ட. நெஞ்சுக்குள்ள அடைச்சிட்டு ஈக்கு. ஏதும் ஒரு தண்ணி மருந்து தா."

முகத்தைப் பார்த்தேன். வியர்த்திருந்தது. பாமசிக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இடது கையை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருடமாக நான் மாத்திரை எண்ணுகிறேன்; வாய்வுக்காரனை எனக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், நடங்க."

"பைத்தியமா ஒனக்கு? இந்த ஞாயிறு டைம் ட்ரயல் ஈக்கு. நான் ஓடுற ஆள், எனக்கு எனத்துக்கு ஆஸ்பத்திரி?"

அப்போதுதான் எனக்கு வந்தது கோபம். கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். "ஓடுறவன்னா சாக மாட்டானா? ஒங்களுக்கு மட்டும் ஸ்டீல்லயா நெஞ்சு செஞ்சிருக்கு?" என்று கத்தினேன். அஸ்பிரினை உடைத்து அவர் வாயில் திணித்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முச்சக்கரவண்டியில் ஏற்றினேன். வழி முழுக்கத் திட்டினேன். திட்டை நிறுத்தினால் அவர் கண்ணை மூடிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. என்னைத் திட்ட விட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

இரத்தக் குழாயில் அடைப்பு. சிறிய வலைக்குழாய் ஒன்றை உள்ளே வைத்துச் சரிசெய்தார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் சொன்னார். மூன்று மாதம் நடை, பிறகு மெதுவாகச் சைக்கிள், பிறகு பார்க்கலாம் என்றார். நானாவின் மருந்துத் துண்டை நான்தான் வாங்கி, நான்தான் எண்ணிக் கொடுத்தேன். அதில் இருந்த ஒவ்வொரு பெயரும் எனக்கு மனப்பாடம். மற்றவர்களுக்கு எத்தனை ஆயிரம் தடவை கொடுத்திருக்கிறேன். அன்று ஒரு மாத்திரை கீழே விழுந்து உருண்டது.

மூன்று மாதம் போயிற்று. ஐந்து மாதம் போயிற்று. நானா நடந்தார். கடைக்கு நடந்தார், பள்ளிவாசலுக்கு நடந்தார், சும்மா மகாவலி ஆற்றோரமாகவும் நடந்தார். சைக்கிள் என்றால் மட்டும் பேச்சை மாற்றினார். "அவ விடுறா இல்ல தம்பி" என்று மனைவி மேல் பழியைப் போட்டார். சைக்கிள் என் வீட்டு முன்னறையில் சுவரில் தொங்கியது. நான் அதில் ஓடினேன், முன்போலவே பெருவிரல் நுனியால், முன்போலவே தாராவாக. ஒருநாள் அவர் பாமசிக்கு வந்து, மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"தம்பி, அந்தக் குழாய வெட்டுவோம். இனி நீ மட்டும்தானே. சும்மா எனத்துக்கு நோவெடுத்து ஓடுற?"

நான் மறுக்கவில்லை. இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த இடத்திலேயே, வேண்டாம் நானா, நீங்கள் திரும்ப ஓடுவீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என் மனத்துக்குள் ஓடியது வேறு. இரண்டு விரல் குறைந்தால் எத்தனை நொடி குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு வருத்தம் வந்த கூட்டாளி முன்னால் நிற்கிறார், நான் நொடி எண்ணுகிறேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வருகிற ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றேன்.

கொண்டும் போனேன். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. சைக்கிளோடு நுழைந்த என்னைக் கண்டு நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அவர் மனைவி தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார். நானா கடைக்குள் வாள் எடுக்கப் போயிருந்தார்.

"ராத்தா, நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். "இத இன்னைக்கு வெட்டிருவோம். பொறகு அவரு ஏற நெனச்சாலும் ஏற ஏலாது."

அவர் தட்டை வைத்த கையோடு என்னைப் பார்த்தார். "நான் எனத்துக்குக் கவலைப்பட? சைக்கிள்ல போங்கோ, போங்கோ எண்டு ரெண்டு மாசமாச் செல்லுறது நான்தான். டொக்டரும் செல்லிட்டார். மனுசன் ஊட்டுக்குள்ளயே இருந்து அலுமாரி எல்லாம் அடுக்கிக் கலைச்சு என்ட உசிர எடுக்கிறார். நீங்களாவது கூட்டிட்டுப் போங்கோளே."

எடுத்த வட்டிலப்பத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். ராத்தா தடுக்கவில்லை. நானாவுக்குப் பயம். ஐந்து மாதமாக அவருடைய பயத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாதாமாதம் அவர் மாத்திரையை எண்ணிக் கொடுத்திருக்கிறேன், எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன், பதில் வருவதற்குள் அடுத்த ஆளின் துண்டை வாங்கியிருக்கிறேன்.

நானா நுண்பல் வாளோடு வந்து சைக்கிளைக் கடைக்குள் உருட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் அல்லவா, ஒழுங்காகச் செய்தார். குழாயைச் சுற்றி ஒட்டுத்தாள் சுற்றினார், பென்சிலால் கோடு போட்டார். "ஏறி இரு, கடைசித் தரம் ஒருக்கா அளந்து பாப்போம்" என்றார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறினேன். விழாமல் இருக்க அவர் பின்னால் நின்று சீற்றைப் பிடித்தார். சிமெந்து மூட்டைகளுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவே, அசையாத சைக்கிளில் நான் குனிந்து கொம்புகளைப் பிடித்தேன். அவர் கை பழக்கப்பட்ட இடத்தில் இருந்தது. அப்போது, அவரை அறியாமலே, மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினார்.

"பஹய்... ஹத்தரய்... துனய்..."

மூன்றோடு நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். எனக்கு அழுகை வரும் இடத்தில் கோபம் வருவது வழக்கம். அன்றும் அதுதான் உதவிக்கு வந்தது. கீழே குதித்தேன்.

"வெட்ட வேணாம்."

"எனத்துக்கு?"

"வேணாம்னா வேணாம். பாதி என்னோடது. என் பாதிய வெட்ட விடமாட்டேன்."

"வெட்டுறது என்ட பாதிய மருந்துக்காரா!"

"அப்ப அதையும் விடமாட்டேன்!"

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒட்டுத்தாளும் பென்சில் கோடும் அப்படியே இருந்தன. அவர் வாளோடு கடை வாசலில் நின்றார். எதிர்க்கடைக்காரர் அந்தக் காட்சியைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது.

கோபத்தில் கிளம்பியாயிற்று, சீற்று இறங்கவில்லையே. குழாயைக் குறைக்க முடியாது, என்னை வளர்க்கவும் முடியாது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மனைவி சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குக் கீழே இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை சரியாக ஒரு விரல் தடிப்பு. சப்பாத்தின் அடியில் பெடலோடு கொளுவும் துண்டைக் கழற்றி, நடுவில் இந்தப் பலகையை வைத்துத் திரும்பப் பூட்டினால் என் கால் ஒரு விரல் நீளும். இருந்த இரண்டு விரல் நோவு ஒரு விரல் நோவாகும். அதைத் தாங்கலாம்.

"என்னங்க, பலகை எங்க?" என்று மறுநாள் கேட்டாள். இரண்டு துண்டு போக மிச்சத்தைக் காட்டினேன். "அவருக்காகத்தான செஞ்சீங்க? சரி, விடுங்க. புதுசு வாங்கிட்டு வாங்க, ரெண்டா" என்றாள்.

நீளமான திருகாணி ஆறு தேவைப்பட்டது. கெலிஓயாவில் வாங்கினால் நானாவுக்குத் தெரிந்துவிடும். கண்டியில் வேறு ஒரு கடையில் வாங்கினேன். என்னமோ களவு செய்கிற மாதிரி இருந்தது.

அடுத்த ட்ரயலுக்குச் சீற்றைப் பிடிக்க வரச் சொல்லி நானாவுக்கு ஆள் அனுப்பினேன். நேராகக் கேட்க மானம் விடவில்லை. தெல்தெனியவில் காலை ஆறரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, சாரமும் ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு அவர் அங்கே ஏற்கனவே நின்றார். சைக்கிள் பக்கத்தில் வந்து சீற்றுக்குக் கீழே குழாயைத் தடவிப் பார்த்தார். பென்சில் கோடு இருந்தது, வெட்டு இல்லை. கையை எடுத்துக்கொண்டார். நான் சப்பாத்துக்கு மேலே உறை போட்டு மறைத்திருந்தேன். பொய்க்கால் குதிரைக்காரன் போல நடந்து வந்ததைப் பார்த்து, "கால்ல என்ன?" என்றார். சுளுக்கு என்றேன்.

சீற்றைப் பிடித்தார். பெரியவர் எண்ணினார். இந்தத் தடவை என் காதுக்குள் ஒன்றும் குசுகுசுக்கவில்லை. "யன்ன" என்றதும் மிதித்தேன்.

நீர்த்தேக்கத்தின் மேல் பனிப்புகார் இன்னும் கலையவில்லை. மகியங்கனை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு என்னை உரசிப் போனது. வழக்கமான நாய்கள் வழக்கமான வளைவில் துரத்தின. பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது தெரிந்தது, கால் முன்னைவிடத் தாராளமாக இறங்குகிறது. நன்றாக ஓடினேன். என் பழைய நேரத்தில் பதினொரு நொடி குறைந்தது. நானாவின் சிறந்த நேரத்தை இன்னும் தொடவில்லை. இரண்டு விரல்தான் காரணம் என்று இத்தனை வருடம் சொன்னவனின் குட்டு இதோடு உடைந்தது.

புல்லில் உட்கார்ந்து உறையைக் கழற்றினேன். நானா வந்து முன்னால் நின்றார்.

"போகக்குள்ள பாத்தேன். ஒன்ட இடுப்பு ஆடல்ல."

நான் காலை மடக்கி ஒளிக்கப் பார்த்தேன். குனிந்து என் சப்பாத்தைப் பிடித்துத் திருப்பினார். வெள்ளைப் பலகையைத் தட்டிப் பார்த்தார். லீக்ஸ் வெட்டிய கத்திக் கோடுகள் அதில் இருந்தன. திருகாணியின் தலையை நகத்தால் சுரண்டினார். அவர் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது.

"இந்த ஆணி எங்க வாங்கின?"

"கண்டியில."

"எங்கட கடையில ஆணி இல்லியா?"

"ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு..."

"துருப் பிடிக்கிற சாமான ஒன்ட தலையில கட்டியிருக்கான். நாளைக்கு வா, ஸ்டெயின்லெஸ் தாரன்." சொல்லிவிட்டு மூக்கை ஜக்கெட் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு, அங்கே நின்ற எல்லோரும் பார்க்க, சாரத்தை அவிழ்த்தார்.

உள்ளே கறுப்புக் காற்சட்டை. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல், ஓரத்தில் பச்சைக் கோடு.

"குளிருக்குப் போட்டுட்டு வந்த" என்றார், நான் கேட்காமலே.

வளையங்கள் என் பையில் இருந்தன. அவற்றைப் போட்டுச் சீற்றை ஒரு விரல் உயர்த்தினேன். ஏறி உட்கார்ந்தார். சப்பாத்து இல்லை, செருப்புக் கால்தான். கால் பெடலில் அளவாக இறங்கியது. அவர் மூச்சு வேகமாக இருந்தது. நான் பின்னால் சீற்றைப் பிடித்துக்கொண்டு அதைக் கவனித்தேன்.

"அந்த மதகடி மட்டும்தான்" என்றார். மதகு முந்நூறு மீற்றருக்கு அப்பால் தெரிந்தது.

"மெதுவா, நானா."

"எனக்குத் தெரியும். எண்ணு."

எண்ணினேன். பஸ்காரப் பெரியவரின் குரல் எனக்கு வராது. ஒன்று வரைக்கும் எண்ணி முடித்த பிறகும் சைக்கிள் நகரவில்லை.

"தம்பி, புடிச்சிட்டே இருந்தா எப்படிப் போற? விடு."

கையை எடுத்தேன். கொம்புகளைத் தொடாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, சந்தைக்குப் போகிற மனிதனைப் போல் போனார். பலகை வைத்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு நான் ரோட்டில் நின்று பார்த்தேன். மதகடியில் திரும்பினார். வந்து கொண்டிருந்த லொறியைக் கைகாட்டி நிறுத்தி வழி வாங்கினார். திரும்பி வரும்போது முழங்கையைக் கொம்பில் ஊன்றிப் படுத்திருந்தார். நான் ஓடிப்போய் சீற்றைப் பிடித்தேன். வியர்வை இருந்தது, நல்ல வியர்வை. இடது கை சும்மா இருந்தது.

"எவ்வளவு?" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மூன்று வருடத்தில் அவருக்கு அரை நொடிகூடச் சும்மா விட்டுக் கொடுக்காதவன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒரு நிமிசம் முப்பது."

"பொய் செல்லாத மருந்துக்காரா. நான் எவ்வளவு மெதுவாப் போனேன் எண்டு எனக்குத் தெரியாதா?" சைக்கிளை என் கையில் சாய்த்துவிட்டு, புல்லில் கிடந்த சாரத்தை எடுத்து உதறினார். "அடுத்த தரம் ஒழுங்காப் பாரு."